மூன்று வருட மாடித்தோட்ட மண்: கொட்டிவிடுவதா, திருத்துவதா?

கேள்வி: எங்கள் மாடியில் 15க்கு 15 அங்குலப் பைகள் 30 இருக்கின்றன. மூன்று வருடம் முன்பு செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மட்கிய மாட்டுச் சாணம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினோம். ரசாயன உரம் போடுவதில்லை. இப்போது மண் பையின் மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கிவிட்டது. மேலே கட்டாந்தரை மாதிரி இறுகிக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றினால் மேலேயே நிற்கிறது, இல்லையென்றால் ஓரமாக ஓடிவிடுகிறது. கத்தரியும் தக்காளியும் வெளிறிப்போய் நிற்கின்றன. நர்சரிக்காரர், "மண் செத்துப் போச்சும்மா, ரெடி மிக்ஸ் போட்டுடுங்க. பழைய மண்ணை நானே சும்மா அள்ளிட்டுப் போறேன்" என்கிறார். மண்புழு உரம் நிறையப் போட்டால் சரியாகாதா? - மதுரை வாசகி

பதில்: முதலில் அந்த நர்சரிக்காரருக்கு "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். மூன்று வருடம் சாணமும் காய்கறிக் கழிவும் தின்ற மண் அது. அதைச் சும்மா அள்ளிக்கொண்டு போகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு அதன் மதிப்பு தெரிந்திருக்கிறது என்று பொருள். இப்படி எடுத்துப்போன மண்ணைச் சலித்து, பாதிக்குப் பாதி கோகோபீட் சேர்த்து, பளபளப்பான பையில் கட்டி அடுத்த தெருவில் விற்றதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் மண்ணை நீங்களே காசு கொடுத்துத் திரும்ப வாங்குவீர்கள்.

உங்கள் மண் சாகவில்லை. அதில் காற்று தீர்ந்துவிட்டது. சாணமும் நாரும் மட்க மட்கப் பொடியாகின்றன. பொடி செம்மண்ணின் இடுக்குகளில் போய் அடைகிறது. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். இடுக்கு அடைந்தால் வேர் மூச்சு முட்டும், எவ்வளவு சத்து இருந்தாலும் எடுக்காது. இலை வெளிறுவதைப் பார்த்துவிட்டு நாம் மேலும் உரம் போடுகிறோம். அந்த உரமும் பொடியாகி இன்னும் அடைக்கிறது.

இதனால்தான் மண்புழு உரம் மட்டும் போதாது என்கிறேன். அது அருமையான சத்து, ஆனால் டீத்தூள் மாதிரிச் சன்னமானது. இறுகிய பையில் அதை மட்டும் அள்ளிக் கொட்டினால் சேறுதான் கிடைக்கும். உரம் வேறு, காற்றுக்கு இடம் விடும் பொருள் வேறு. இரண்டும் வேண்டும். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் மாதிரிச் சாணக் கரைசல்களை ஊற்றினால் மண் பொலபொலவென்று ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பைகளைக் கவிழ்ப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். பையைச் சாய்த்து அடியிலுள்ள ஓட்டைகளைக் கவனியுங்கள். பாதிப் பைகளில் வேர் வந்து ஓட்டையை அடைத்திருக்கும், இல்லையென்றால் பை தளத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தாலே சில பைகள் தேறிவிடும். ஓரமாகத் தண்ணீர் வேகமாக ஓடுவதை நல்ல வடிகால் என்று நினைக்க வேண்டாம். மண் காய்ந்து சுருங்கிப் பையை விட்டு விலகியிருக்கிறது, அந்த இடுக்கில் ஓடுகிறது. நடுமண் காய்ந்தேதான் கிடக்கும்.

அப்புறம், அடியில் கூழாங்கல்லோ ஜல்லியோ ஒரு அடுக்கு போட்டால் வடியும் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது: போடாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள், சொட்டுவது நின்றுவிடும். அப்படியே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டும். பையின் உயரமும் அப்படித்தான், உயரம் இருந்தால்தான் தண்ணீர் கீழே இறங்கும். சன்ன மண்ணிலிருந்து பெரிய கல் அடுக்குக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, கல்லுக்கு மேலே தேங்கி நிற்கும். கல் போட்டு நீங்கள் பையின் உயரத்தைத்தான் குறைக்கிறீர்கள். ஈரம் தேங்கும் பகுதி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். நாலைந்து நாள் தண்ணீர் விடாமல் வைத்து, பையைக் கவிழ்த்து, கட்டிகளை உடைத்துத் தடித்த வேர்களைப் பொறுக்கி எடுங்கள். சன்ன வேர்கள் கிடக்கட்டும், அவை மட்கும்போது மண்ணில் சின்னச் சின்னக் குழாய் மாதிரி வழி விடும். மண்ணைச் சலிக்க வேண்டியதில்லை, சலித்தால் பொடிதான் மிஞ்சும்.

இங்கேதான் ஒரு விஷயத்தில் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 30 பையையும் ஒரே குவியலாகக் கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு செடியின் வேரையும் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கத்தரி, தக்காளி, வெண்டை வேர்களில் மணி மணியாக வீக்கம் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு, வேருக்குள்ளேயே இருக்கும். அந்த ஒரு பை மண்ணை மற்றவற்றோடு கலந்தால் 30 பைக்கும் நீங்களே விதைத்துவிட்டதாக ஆகும். ஆனால் அவரை, தட்டைப்பயறு வேரிலும் முடிச்சு இருக்கும். அது நல்ல முடிச்சு, காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துக் கொடுப்பது. எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது? பயறு முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிர்ந்துவிடும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், உதிராது, பிய்த்தால் வேரும் சேர்ந்து அறும். இதைத் தெரியாமல் நல்ல அவரைச் செடி மண்ணை நோய் மண் என்று தெருவில் கொட்டியவர்களும் உண்டு, நோய்த் தக்காளி வேரைப் பார்த்து "நைட்ரஜன் முடிச்சு" என்று மகிழ்ந்து போனவர்களும் உண்டு. அவரை வேரிலேயே நூற்புழுவும் வரும் என்பதால் உதிர்கிறதா என்று தள்ளிப் பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

நூற்புழு கண்ட பைகளைத் தனியாக வையுங்கள். அவற்றைத் தொட்ட கரண்டியைக் கழுவாமல் மற்றதைத் தொடாதீர்கள். சித்திரை வைகாசி வெயிலில் அந்த மண்ணை ஈரமாக்கி, அரையடி உயரத்துக்குப் பரப்பி, கண்ணாடி மாதிரித் தெளிவான பாலித்தீன் தாளால் மூடி, ஓரம் முழுக்கச் செங்கல் வைத்து நாலு முதல் ஆறு வாரம் விடுங்கள். கடையில் கறுப்புத் தாளைத்தான் நீட்டுவார்கள். வேண்டாம். கறுப்பில் தாள்தான் சுடும், தெளிவான தாளில்தான் வெயில் உள்ளே இறங்கி மண் சுடும். அதன் பிறகு வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஒரு பருவம் செண்டுமல்லி வையுங்கள். ஒரு வருடத்துக்கு அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல் எதுவும் வேண்டாம்.

நல்ல மண்ணுக்கான அளவு இது: இரண்டு பங்கு பழைய மண், ஒரு பங்கு மட்கிய உரம், ஒரு பங்கு காற்றுக்கான பொருள். உங்கள் பை முழுசாக நிரம்ப ஏறக்குறைய 43 லிட்டர் பிடிக்கும். கலக்கும்போது அளவு கொஞ்சம் வற்றும் என்பதால் ஒரு பைக்குப் பழைய மண் 24 லிட்டர், உரம் 12, காற்றுப் பொருள் 12 என்று எடுங்கள். 30 பையும் நிரம்பிய பிறகு இரண்டு மூன்று பை மண் மிஞ்சும், கீரைத் தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுப் பொருளில் எனக்குப் பிடித்தது கருக்கிய உமி. அரிசி ஆலைப் பக்கம் கேட்டால் கிடைக்கும். கறுப்பாக, உமியின் உருவம் குலையாமல் இருக்க வேண்டும். வெள்ளைச் சாம்பலாக எரிந்துபோனது வேண்டாம், அது மாவு மாதிரி அடைக்கும். பச்சை உமியும் போடலாம், என்ன, நடுவில் நெல் முளைக்கும். உடைந்த நாட்டு ஓடு இருந்தால் நிலக்கடலை அளவுக்கு நொறுக்கிப் போடுங்கள். ஓடு கனம் என்பதால் பாதி ஓடு, பாதி உமி. சிமெண்ட் ஒட்டிய செங்கல் துண்டு கூடாது.

பெர்லைட் நல்ல பொருள்தான், எரிமலைக் கண்ணாடிப் பாறையைச் சுட்டுப் பொரித்தது. 30 பைக்கு வாங்கினால் பர்ஸ் தாங்காது. கலக்கும் முன் தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், தூசி ஆகாது. வெர்மிகுலைட் என்ற கனிமம் நம் ஊரிலேயே, திருப்பத்தூர் பக்கம் சேவத்தூரில் வெட்டி எடுப்பதுதான், ஆனால் அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள். நாற்றுக்கு நல்லது, உங்கள் பிரச்சினைக்கு உதவாது.

மணலைப் பற்றிக் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டைக் கொண்டுவந்து கலக்காதீர்கள். அதில் இருக்கும் கல்தூள் செம்மண்ணோடு சேர்ந்து செங்கல் அறுக்கலாம் போல இறுகும். கனமும் ஏறும். 43 லிட்டர் பையில் வெறும் செம்மண் ஈரத்தோடு இருந்தால் 70 கிலோவுக்கு மேல் போகும். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நெருக்கி நெருக்கிப் பை வைத்தால் கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள்.

இனி உரம் வாங்கும் கதை. மண்புழு உரத்துக்குச் சட்டத்தில் அளவுகோல் இருக்கிறது, உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி ஈரம் 15 முதல் 25 சதம்தான் இருக்கலாம். சிமெண்ட் சாக்கில் கட்டி நர்சரி வாசலில் விற்பதை யார் அளந்து பார்க்கிறார்கள்? தண்ணீர் தெளித்து எடை ஏற்றிக் கிலோக் கணக்கில் கொடுக்கிறார்கள். ஆகவே உரத்தை லிட்டர் கணக்கில் கேளுங்கள், வாளியால் அளந்து வாங்குங்கள். ஒரு கைப்பிடியை அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்குங்கள், மணல் கலந்திருந்தால் உடனே அடியில் போய்ப் படியும். வீட்டுச் சமையல் கழிவு உரமாக இருந்தால் கொஞ்சத்தை ஈரமாக்கிப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். புளித்த வாடையோ மூக்கில் ஏறும் அமோனியா நெடியோ வந்தால் இன்னும் மட்கவில்லை. அதைப் போட்டால் மட்கி முடிப்பதற்காக உங்கள் செடியின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும்.

புதிதாகக் கோகோபீட் சேர்க்காதீர்கள், மூன்றில் ஒரு பங்கு அதைப் போட்டுத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறீர்கள். வேறு எதற்காவது வாங்கினால், ஊறவைத்து, டிகாக்ஷன் நிறம் வெளுக்கும்வரை மூன்று தண்ணீர் பிழிந்து கழுவுங்கள், உப்பு போகும். உங்கள் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுவும் போர் தண்ணீரின் உப்புதான், ஐப்பசி கார்த்திகை மழையில் பையைத் திறந்து வைத்தாலே பெரும்பகுதி இறங்கிவிடும்.

"மண் பரிசோதனைக்குக் கொடுக்கலாமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒருமுறை மாடி மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். படிவத்தில் சர்வே எண் கேட்டார்கள். மொட்டை மாடி என்றேன். "அப்ப வீட்டு மனை சர்வே எண் சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். பல வாரம் கழித்து வந்த அட்டையில் ஏக்கருக்கு இத்தனை கிலோ யூரியா போடச் சொல்லியிருந்தது. மண்வள அட்டை வயலுக்காகச் செய்தது. பைக்குள் காற்று இருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்கு உங்கள் வீட்டிலேயே சோதனை இருக்கிறது: கலவையை நிரப்பி, இரண்டு முறை நன்றாக நனைத்து ஆறவிட்டு, மறுநாள் 2 லிட்டர் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மேலிருந்து மறைய வேண்டும், பத்து நிமிடத்துக்குள் அடியில் சொட்ட வேண்டும். நின்றால் இன்னும் உமிக் கரி சேருங்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் கவிழ்க்காமல் முதலில் மூன்று பையில் செய்து இந்தச் சோதனையைப் பாருங்கள்.

கலந்த மண்ணை ஈரத்தோடு பத்துப் பதினைந்து நாள் நிழலில் விடுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி (வேர் நோயை அடக்கும் நல்ல பூஞ்சை) போடுவதாக இருந்தால் இப்போதுதான் போட வேண்டும். நூற்புழு மண்ணை வெயிலில் மூடுவதற்கு முன்னால் போட்டால் அதையும் சேர்த்துச் சுட்டுவிடுவீர்கள். முதல் விதைப்பாக வெந்தயமோ சிறுகீரையோ தூவுங்கள். சீராக முளைத்து மூன்று வாரத்தில் பச்சையாக நின்றால் கத்தரி நாற்றை இறக்கலாம். வைகாசியில் தொடங்கினால் ஆடிப் பட்டத்துக்குச் சரியாக இருக்கும்.