அவன் சொல்றத மட்டும் எழுதுங்க டீச்சர்

வணக்கம் சார்,

நான் சேலம் அம்மாபேட்டை பக்கம் ஒரு ஹைஸ்கூல்ல சோஷியல் டீச்சர். இந்த வருஷம் டென்த் பப்ளிக் எக்ஸாம்ல எனக்கு ஸ்க்ரைப் ட்யூட்டி போட்டிருக்காங்க, அதான் சார், சொல்வதை எழுதுபவர். ஹால் சூப்பர்வைசரா நிறைய போயிருக்கேன், இது முதல் தடவை. பையனுக்கு செரிபிரல் பால்சி, கை ஒத்துழைக்காது, பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும்னு சொன்னாங்க, அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. ஸ்டாஃப் ரூம்ல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. "பாவம் அந்தப் புள்ள, தப்பா சொன்னா நீயே சரியா எழுதி விட்டுடு, புண்ணியமாப் போகும்"னு ஒரு சீனியர். "வாயே திறக்காத, பறக்கும் படை வந்தா உனக்குத்தான் வம்பு"ன்னு இன்னொருத்தர். எனக்கு ரெண்டுமே சரியாப் படல. அந்தப் பையன்கிட்ட எப்படிப் பேசறது, அவன் மனசு நோகாம எப்படி நடந்துக்கறதுன்னு எழுதுங்க சார்.

ஒரு ஆசிரியை, சேலம்

*

வணக்கம் டீச்சர்,

ரெண்டுமே சரியாப் படலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. ஒருத்தர் அந்தப் பையனோட பரீட்சையை அவன்கிட்ட இருந்து பிடுங்கிக்கச் சொல்றார், இன்னொருத்தர் அவனை ஒரு வம்பாப் பார்க்கிறார். ரெண்டு பேருமே அவனை பரீட்சை எழுத வந்த ஒரு ஆளாப் பார்க்கல.

முதல்ல அந்தப் புண்ணிய விஷயத்தப் பேசிடலாம், ஏன்னா இது நல்ல மனசோட செய்யற தப்பு, அதனால யாரும் கேட்க மாட்டாங்க. அவன் பதினஞ்சு வருஷமா "உன்னால முடியாது, குடு நான் பண்றேன்"ன்னு கேட்டுக் கேட்டு வளர்ந்தவனா இருப்பான். இந்த ஒரு பரீட்சைதான் அவன் பேர்ல, அவன் நம்பர்ல நடக்குது. அதுலயும் நாம புகுந்து எழுதிட்டா வர்ற மார்க் யாரோடது? நானூறு வந்தாலும் அவனுக்குத் தெரியும் அது தன்னோடது இல்லைன்னு. அவன் முன்னூறுதான் எடுப்பான்னா அந்த முன்னூறை அவனுக்குக் குடுங்க. அம்மாபேட்டைல இருக்கீங்க, தறி தெரியாம இருக்காது. டிசைனுக்காகத் தறில மாட்டற ஜக்கார்டு அட்டைல எப்படி ஓட்டை விழுந்திருக்கோ அந்தப் பூதான் சேலைல வரும், நெய்யறவர் நடுவுல இங்க ஒரு மாங்கா இருந்தா நல்லாருக்குமேன்னு சேர்க்க மாட்டார். நீங்க எழுதறதும் அப்படித்தான் இருக்கணும். தப்பா சொன்னா தப்பாவே எழுதுங்க, அரைகுறையா நிறுத்தினா அரைகுறையாவே விடுங்க. மூஞ்சியையும் பார்த்துக்கங்க. தப்பு பதில் வந்ததும் ஒரு உச்சுக்கொட்டல், நாலு ஆப்ஷன் படிக்கும்போது சரியான ஆப்ஷன்ல கொஞ்சம் குரல் நீளறது, இதெல்லாம் நம்மள அறியாம வரும், பசங்க அதை டக்குனு பிடிச்சுடுவாங்க.

இப்ப பேச்சுக்கு வர்றேன், உங்க பையனுக்கு இதுதான் முக்கியம். செரிபிரல் பால்சில மூளைல இருந்து தசைக்குப் போற கட்டளைலதான் சிக்கல். சில பேருக்கு வேற கஷ்டமும் கூட இருக்கலாம், ஆனா பேச்சு இழுக்குது வாய் கோணுதுங்கறத வச்சு அறிவைக் கணக்குப் போடவே கூடாது. நிறைய பேர் அவங்ககிட்ட சத்தமா, மூணு வயசுக் குழந்தைகிட்ட பேசற மாதிரிப் பேசுவாங்க. அவனுக்குக் காதுல பிரச்சனைன்னு யாரும் சொல்லலையே டீச்சர், சாதாரணமாப் பேசுங்க. இன்னொண்ணு, பதட்டப்பட்டா, அவசரப்படுத்தினா அந்தத் தசை இன்னும் இறுகும், பேச்சு இன்னும் சிக்கும். நீங்க வாட்சைப் பார்க்கிறது, பேனாவைத் தட்டறது, "ம்ம் சொல்லு சொல்லு"ங்கறது, அவன் ஒரு வார்த்தையை ஆரம்பிச்சதும் மிச்சத்தை நீங்களே முடிக்கிறது, இது ஒவ்வொண்ணும் அவனோட நேரத்தைத் தின்னும். சும்மா இருந்தாலே வேகமா வரும். புரியலன்னா புரிஞ்ச மாதிரி தலையாட்டி எதையோ எழுதிடாதீங்க, "எனக்குப் புரியலப்பா, திரும்பச் சொல்லு"ன்னு கேளுங்க. பத்து தடவை கேட்டாலும் அவன் கோச்சுக்க மாட்டான், நடிச்சாத்தான் கோவம் வரும்.

நம்ம ஊர்ல கண்ணு, சாமி, தங்கம்னு கூப்பிடறது வாய்ல தானா வந்துடும். உங்க கிளாஸ்ல எல்லாப் பசங்களையும் அப்படித்தான் கூப்பிடுவீங்கன்னா இவனையும் கூப்பிடுங்க, தப்பே இல்ல. ஆனா மத்தவனை எல்லாம் "டேய்"னும் இவனை மட்டும் "சாமி"ன்னும் கூப்பிட்டா அதுல இரக்கம் இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். பேரைச் சொல்லிக் கூப்பிடறதுதான் எப்பவும் நல்லது. அப்புறம் கேள்வி எதுவா இருந்தாலும் அவன்கிட்டயே கேளுங்க. "தம்பிக்கு தண்ணி வேணுமா"ன்னு கூட வந்த அம்மாகிட்ட கேட்கிறது, "இவனுக்கு என்ன"ன்னு பறக்கும் படைல வந்த சார் உங்ககிட்ட கேட்கிறது, அவன் அங்கதான் உட்கார்ந்திருப்பான். அப்படி யாராவது கேட்டா "ஸ்க்ரைப் ஆர்டர் சீஃப் சூப்பரின்டெண்ட்கிட்ட இருக்குங்க சார், மத்தது தம்பிகிட்டயே கேளுங்க"ன்னு மரியாதையாச் சொல்லிடுங்க, நீங்க நோயோட கதையெல்லாம் விளக்க வேண்டியதில்ல.

உடம்பைத் தொடறதுக்கு முன்னாடியும் கேட்கணும். வீல்சேர்ல வந்தா அது அவன் உடம்போட ஒரு பாகம் மாதிரி, கேட்காம பின்னாடி போய்த் தள்ளாதீங்க. எச்சில் வடியலாம், டவல் வச்சிருப்பான், துடைச்சு விடணுமா இல்ல அவனே பார்த்துப்பானான்னு ஆரம்பத்துலயே ஒரு தடவை கேட்டு வச்சுக்கங்க, அப்புறம் அதைப் பத்திப் பேச்சே வேண்டாம். பாத்ரூம் எங்க, வீல்சேர் உள்ள போகுமான்னு முதல் நாளே நீங்க போய்ப் பாருங்க. இதைச் சொன்னா சில பேருக்குச் சின்ன விஷயமாத் தெரியுது, ஆனா பாத்ரூம் போக முடியாதுன்னு பயந்து காலைல இருந்து தண்ணியே குடிக்காம, சேலத்து ஏப்ரல் வெயில்ல, நாலு மணி நேரம் உட்கார்ற பசங்களை நான் பார்த்திருக்கேன்.

அந்த நாலாவது மணி நேரத்தைப் பத்தி கண்டிப்பாச் சொல்லணும். 10 மணிக்கு கொஸ்டின் பேப்பர், 10.15க்கு எழுத ஆரம்பம், 1.15க்கு மத்தவங்களுக்கு முடிஞ்சுடும், இவனுக்கு கூடுதலா ஒரு மணி நேரம், 2.15 வரைக்கும். 1.15க்கு மணி அடிச்சதும் வராண்டா முழுக்க சத்தம், "ஃபைவ் மார்க்ல என்னடா எழுதின"ன்னு கத்திக்கிட்டு ஓடுவாங்க, பெஞ்ச் இழுப்பாங்க, பேப்பர் கட்டுற வேலைல இருக்கறவங்க வந்து எட்டிப் பார்த்து "இன்னும் முடியலயா டீச்சர்"ம்பாங்க. எல்லாருக்கும் பசி, வீட்டுக்குப் போகணும், நியாயந்தான். ஆனா அந்தக் கேள்வியைக் கேட்டதும் பையன் "போதும் மிஸ், முடிச்சுக்கலாம்"னு சொல்லிடுவான், தெரிஞ்ச பதிலை விட்டுட்டு எழுந்துடுவான். அங்க நீங்க ஒரு சுவர் மாதிரி நிக்கணும். அந்த ஒரு மணி நேரம் யாரும் போடற பிச்சை இல்ல. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 17வது பிரிவுலயே கூடுதல் நேரமும் ஸ்க்ரைபும் இருக்கு, 2018ல மத்திய அரசு விட்ட வழிகாட்டுதல்ல ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமக் குடுக்கணும்னு இருக்கு, மூணு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம்னு கணக்கு அப்படித்தான் வருது. 2021 நீட்ல டிஸ்கிராஃபியா, அதாவது கையால எழுதறதுல சிக்கல் இருந்த ஒரு மாணவிக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் குடுக்காம பேப்பரைப் பிடுங்கிட்டாங்க. அவ்னி பிரகாஷ் வழக்குன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, நவம்பர் 2021ல தேர்வு நடத்தினவங்க பண்ணது தப்புன்னு கோர்ட் சொல்லுச்சு, ஆனா மறுபடி பரீட்சை வைக்கச் சொல்லல. ஹால்ல இருந்தவங்களுக்கு ரூல் தெரியாததால ஒரு பொண்ணு டெல்லி வரைக்கும் போக வேண்டி வந்துச்சு, போயும் போன நேரம் திரும்ப வரல. அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

உங்க சென்டர்ல வேற பசங்களும் இருக்கலாம், அதனால சுருக்கமா ஒண்ணு ரெண்டு. காது கேட்காத பசங்க இருந்தா கொஸ்டின்ல கரெக்ஷன் வந்தா போர்டுல எழுதுங்க, மணி அடிச்சது அவங்களுக்குத் தெரியாது, எவ்வளவு நேரம் இருக்குன்னும் போர்டுல எழுதிக்கிட்டே வாங்க, ஜன்னலுக்கு முன்னாடி நின்னு பேசாதீங்க, வெளிச்சத்துல உங்க உதடு தெரியாது. பார்வையில்லாத பசங்களுக்கு கணக்கு வாசிக்கறதுல நிறைய பேர் சொதப்பறாங்க. "ரூட் எக்ஸ் ப்ளஸ் ஒண்ணு"ன்னா அந்த ஒண்ணு ரூட்டுக்கு உள்ளயா வெளியயா? "ரூட்டுக்குள்ள எக்ஸ் ப்ளஸ் ஒண்ணு, ரூட் முடிஞ்சது"ன்னு சொல்லணும். ஆட்டிசம் இருக்கற பசங்க முன்னும் பின்னும் ஆடினா ஆடட்டும், அவங்க அப்படித்தான் தன்னை நிதானப்படுத்திக்கறாங்க, "சும்மா உட்காரு"ன்னு சொல்லாம விட்டாலே போதும்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. அந்த 2018 வழிகாட்டுதல்லயே பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி ஸ்க்ரைபைச் சந்திச்சு, தனக்கு ஒத்து வருமான்னு பார்த்துக்க மாணவருக்கு வாய்ப்பு குடுக்கணும்னு இருக்கு. சீஃப் சூப்பரின்டெண்ட்கிட்ட இதைச் சொல்லி அனுமதி கேளுங்க. ஏற்காட்டு மேல இருக்கற ஊர்ல இருந்து வர்ற பையனா இருந்தா அவன் பேச்சே உங்களுக்குப் பழக ஒரு நாள் ஆகும். அவன் டீச்சரையும் பாருங்க, ஆனா அவனை விட்டுட்டு அவங்ககிட்ட மட்டும் பேசிட்டு வந்துடாதீங்க. கேள்வியை ஒரு தடவை வாசிக்கணுமா ரெண்டு தடவையா, முதல் பத்து நிமிஷத்துல மொத்தப் பேப்பரையும் வாசிச்சுடணுமா, எழுதினதைத் திரும்ப வாசிச்சுக் காட்டணுமா, எந்தப் பக்கம் உட்கார்ந்தா நீங்க எழுதறது அவன் கண்ணுக்குத் தெரியும், இதெல்லாம் அவன் வாயாலேயே கேளுங்க. பழைய கொஸ்டின் பேப்பர் ஒண்ணை எடுத்துட்டுப் போங்க, ரெண்டு சோஷியல் கேள்வி, ஒரு கணக்கு, அவன் சொல்லச் சொல்ல நீங்க எழுதிப் பாருங்க. கணக்குல ஒவ்வொரு ஸ்டெப்பையும் எங்க எழுதணும்னு அவன்தான் சொல்லணும், அது ரெண்டு பேருக்கும் பழக்கம் வேணும். உங்களால சரியா வரலன்னு அவன் சொன்னா மனசுல வச்சுக்காம வேற ஆளைக் கேட்கச் சொல்லுங்க, அதுக்கும் அவனுக்கு உரிமை இருக்கு.

அன்புடன்.