முதலில் மெடிக்கல், அப்புறம்தான் ஃபீஸ்

ராயபுரம், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கத்துப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் விமானம் ஓட்டும் லைசென்ஸுக்கான மெடிக்கல், அதாவது உடல்தகுதிப் பரிசோதனை பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன், பிரைவேட் பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவன்.

அண்ணா, பிரைவேட் லைசென்ஸுக்கு எந்த மெடிக்கல்? (தண்டையார்பேட்டை மாணவர்)

கிளாஸ் 2, தம்பி. தெருமுனை டாக்டர் கொடுக்கும் சான்று செல்லாது. டிஜிசிஏ (நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) அங்கீகரித்த டாக்டரிடம்தான் போக வேண்டும். பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. பின்னால் கமர்ஷியல், அதாவது சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸுக்குப் போக நினைத்தால் கிளாஸ் 1 தேவை. அதற்கும் முதல் படி இந்த கிளாஸ் 2தான். மாணவர் லைசென்ஸுக்கு 16 வயது, பிரைவேட்டுக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும்.

மகன் கண்ணாடி போடுகிறான். வாய்ப்பே இல்லை என்கிறார்களே? (வியாசர்பாடி அம்மா)

இல்லைம்மா, அது விமானப்படையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது. சர்வதேச விதிப்படி கிளாஸ் 2-க்கு, கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/12, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/9 தெரிந்தால் போதும். நல்ல கண் 12 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை உங்கள் மகன் 6 மீட்டரிலிருந்து படித்துவிட்டால் அதுதான் 6/12. பறக்கும்போது கண்ணாடி போட்டிருக்க வேண்டும், கைக்கெட்டும் இடத்தில் இன்னொரு ஜோடியும் இருக்க வேண்டும்.

கலர் டெஸ்ட் என்றால் பயமாக இருக்கிறது. (கொருக்குப்பேட்டை தம்பி)

இஷிஹாரா புத்தகத்தைக் காட்டுவார்கள். பக்கம் முழுக்கப் புள்ளிகள், நடுவே ஒரு எண். முதல் பக்கத்து 12 எல்லோருக்கும் தெரியும். அடுத்தடுத்த பக்கங்களில்தான் சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு எண் மறைந்துவிடும், இல்லை வேறு எண்ணாகத் தெரியும். சர்வதேச விதியில் அதோடு கதவு மூடுவதில்லை. விமான விளக்குகளின் நிறங்களைப் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று அடுத்த சோதனை உண்டு. இந்த நிறக் குறைபாடு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, அதுவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு. புத்தகத்து எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போகாதே.

எங்கள் தெருப் பையன் ஒருவனுக்காக அவன் அம்மா வளையலை அடகு வைத்து ஒரு பயிற்சிப் பள்ளியில் முன்பணம் கட்டினார். "மெடிக்கலை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்களாம். பையன் கலர் டெஸ்டில் தேறவில்லை. பணம் திரும்பவில்லை. அந்த அம்மா ரசீதை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பள்ளியில் ஒரு ரூபாய் கட்டும் முன் மெடிக்கல் முடித்துவிடுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

எனக்கு 52 வயது. பிபி மாத்திரை, கொஞ்சம் சுகர். ஆசைப்படலாமா? (ராயபுரம், துறைமுக ஊழியர்)

தாராளமாக, சார். பிபி கட்டுக்குள் இருந்து, மாத்திரையும் ஏற்கத்தக்கதாக இருந்தால் வழி உண்டு. சுகரும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலோ அனுமதித்த மாத்திரையிலோ நின்றால் பரிசீலிப்பார்கள். இன்சுலின் என்றால் கஷ்டம். எதையும் மறைக்காதீர்கள், படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். "தற்காலிகத் தகுதியின்மை" என்று எழுதிவிட்டாலும் இடிந்துபோக வேண்டாம், சரிசெய்துகொண்டு திரும்பப் போகலாம்.

சர்டிபிகேட் கையில் இருந்தால் சளியோடு பறக்கலாமா? (காசிமேடு)

கூடாது. ஒருமுறை "லேசான சளிதானே" என்று நான் ஏறினேன். இறங்கும்போது இடது காதுக்குள் ஊசி இறக்கிய மாதிரி வலி. மூக்குக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் குழாய் சளியில் அடைத்துக்கொண்டால், இறங்கும்போது கூடும் காற்றழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும். மூன்று நாள் அந்தக் காது சரியாகக் கேட்கவில்லை. சளி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறலாம் என்றும் நினைக்காதீர்கள், பல மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். மது என்றால், குடித்து 12 மணி நேரத்துக்குள் பறக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி.

மெடிக்கல் அன்றைக்கு என்ன எடுத்துப் போகணும்? (எண்ணூர் தங்கை)

இரண்டு கண்ணாடிகளும், பழைய ஆபரேஷன் ஏதாவது இருந்தால் அதன் டிஸ்சார்ஜ் பேப்பரும். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்பதை டாக்டரிடம் போனிலேயே கேட்டுவிடுங்கள்.