கேமராவைக் கண்டதும் சிரிக்கும் தம்பதி

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு தம்பதியை வைத்து ஆவணப்படம் எடுக்கிறேன். கணவர் ஆத்தங்குடிக் கல், அதாவது பூவேலைத் தரைக்கல், செய்கிறவர். மனைவி ஓலைக் கொட்டான் (கூடை) பின்னுகிறார். வருமானம் பற்றவில்லை, பேச்சுவார்த்தையும் குறைவு. கேமராவைப் பார்த்ததும், “எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கோம்” என்கிறார்கள். உள்ளதை எப்படி எடுப்பது?

பதில்: கேட்டால் அதுதான் வரும். முதல் மூன்று நாள் பேட்டியே வேண்டாம், வேலையை மட்டும் எடுங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றும்போது கணவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஒரு சொட்டு பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால் கல் வீண், கோபம் உங்கள்மேல். அச்சைத் தூக்கிவிட்டு உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவ ஆரம்பித்ததும் கை பழக்கத்தில் ஓடும், அப்போது கேளுங்கள். கொட்டானிலும் அடி பின்னி முடியும்வரை அந்த அம்மா ஓலையை எண்ணிக்கொண்டிருப்பார்; கூடையின் பக்கம் எழும்பட்டும், பிறகு கேளுங்கள்.

கணவர் பேசினால் கேமராவை அவர்மேலேயே வைக்காதீர்கள். “இவளுக்கு என்ன குறை?” என்கிறபோது அந்த அம்மாவின் விரல் நிற்கிறதா, ஓலையை வெடுக்கென்று இழுக்கிறதா? படம் அங்கே இருக்கிறது. பேச்சு நின்றபிறகும் 20 நொடி ஓடவிடுங்கள்.

2013-ல் வந்த ‘க்யூட்டி அண்ட் த பாக்ஸர்’ ஆவணப்படத்தைப் பாருங்கள். சாயத்தில் தோய்த்த குத்துச்சண்டைக் கையுறையால் கேன்வாஸைக் குத்தி ஓவியம் செய்யும் உஷியோ ஷினோஹராவின் மனைவி நொரிகோ, தன் மனத்தாங்கலைச் சித்திரக் கதையாக வரைந்தவர். இயக்குநர் அந்தச் சித்திரங்களையே அசையவைத்து அவர் பக்கத்தைச் சொல்லியிருப்பார்.

கேள்வி: வளவில், அதாவது வீட்டு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், எடுத்தால் குரல் எதிரொலிக்கிறது, பல்பு வெளிச்சம் துடிக்கிறது.

பதில்: வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் கல் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன. ஃபிரேமுக்கு வெளியே இரண்டு ஜமக்காளம் விரியுங்கள். காலர் மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே, ஆளுக்கொரு டிராக் (தனி ஒலிப்பதிவு). இரைச்சல் பதியாமலிருக்க ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள், திரும்பப் போட மறக்காது! நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேமில் ஷட்டரை 1/50 நொடி வைத்தால் துடிப்பு பெரும்பாலும் அடங்கும். முற்றத்தை முதுகுக்குப் பின்னால் விடாமல், முகம் முற்றத்தைப் பார்க்க உட்காரவையுங்கள்.

கேள்வி: மனைவி தனியாகச் சொன்ன ஒரு குறையைப் படத்தில் சேர்க்கலாமா?

பதில்: ஒப்புதலை ஆளுக்கொரு தாளில், தனித்தனியாக வாங்குங்கள். தொகுத்ததை முதலில் அந்த அம்மாவுக்கு மட்டும், கணவர் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போட்டுக் காட்டுங்கள். வெட்டச் சொன்னால் ஒலியையும் சேர்த்து வெட்டுங்கள். காட்சியை மட்டும் மாற்றிக் குரலை வைத்துக்கொள்வது ஏமாற்று வேலை.