பேக்கர் ஸ்ட்ரீட்டின் மெட்டு யாருடையது?

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்துப் பாடகர் ஜெர்ரி ராஃபர்ட்டியின் 'பேக்கர் ஸ்ட்ரீட்' பாடலை அண்மையில்தான் முதல்முறையாகக் கேட்டேன். அந்த சாக்ஸபோன் மண்டையை விட்டு இறங்க மறுக்கிறது. அவரைப் பற்றித் தேடினால் திரும்பத் திரும்ப இரண்டு விஷயங்கள்தான் கிடைக்கின்றன. ஒன்று, அந்தப் பாட்டை உருவாக்கியதே சாக்ஸபோன்காரர்தான். அவருக்குக் கொடுத்தது வெறும் 27 பவுண்டு, அந்தக் காசோலையும் பணமில்லாமல் திரும்பிவிட்டது. இரண்டு, ராஃபர்ட்டி வந்த வாய்ப்பையெல்லாம் உதறிவிட்டுக் குடித்தே அழிந்தார். உச்சத்தில் இருந்தபோது அமெரிக்காவுக்குப் பாடப் போகவே இல்லையாமே, அது திமிரா, பயமா?

கா.ரா.

அன்புள்ள கா.ரா.,

சாக்ஸபோன் பஞ்சாயத்தை முதலில் முடித்துவிடுவோம். வாசித்தவர் ரஃபேல் ரேவன்ஸ்கிராஃப்ட். ஸ்டுடியோவில் கூலிக்கு வாசிக்கும் இளைஞர் அப்போது. பாட்டில் இடைவெளிகள் இருந்தன, நான் நிரப்பினேன் என்ற பொருளில் அவர் பேசியதிலிருந்து கிளம்பிய கதை இது. 2011-இல் இந்தப் பாட்டு இடம்பெற்ற 'சிட்டி டு சிட்டி' இசைத்தொகுப்பின் மறுபதிப்போடு ராஃபர்ட்டியின் பழைய மாதிரிப் பதிவும் வெளிவந்தது. அதில் அதே மெட்டு இருக்கிறது, கிட்டாரில். ஆக, மெட்டு ராஃபர்ட்டியுடையது. ஆனால் கிட்டாரில் கேட்கும்போது அது வெறும் மெட்டுதான். நம்மை உலுக்கும் அந்த அலறல் ரேவன்ஸ்கிராஃப்டின் மூச்சு. ஸ்வரம் கொஞ்சம் இறங்கி நிற்கிறது, கேட்டால் எரிச்சலாக வருகிறது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். எனக்கென்னவோ அந்த இறக்கம்தான் பிடித்திருக்கிறது. காசோலை திரும்பிய கதையையும் அவரே மறுத்திருக்கிறார். இதெல்லாம் போதாதென்று, வாசித்தது ஒரு தொலைக்காட்சி வினாடி வினா நடத்துநர் என்று பிரிட்டனில் யாரோ வேடிக்கைக்குக் கிளப்பிவிட, அதையும் பல வருடம் ஜனங்கள் நம்பினார்கள்!

இந்தக் கதைகளின் சத்தத்தில் பாட்டின் வரிகள் அடிபட்டுப் போகின்றன. லண்டனின் பேக்கர் தெரு என்றால் நமக்கு ஷெர்லக் ஹோம்ஸ். ராஃபர்ட்டிக்கு அது வக்கீல்களைப் பார்க்க வரும்போது தங்கிய இடம். 1975-இல் அவர் இருந்த 'ஸ்டீலர்ஸ் வீல்' இசைக்குழு உடைந்தபின் ஒப்பந்தத் தகராறில் சிக்கி, மூன்று வருடம் அவரால் எதையுமே வெளியிட முடியவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கும் லண்டனுக்கும் ரயிலில் அலைந்தார். பேக்கர் தெருப் பக்கம் ஒரு நண்பரின் வீட்டில் தங்கி, ராத்திரியெல்லாம் கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பார்கள். பாட்டில் வருபவனும் அப்படித்தான், கால் ஓய்ந்து தெருவில் நடக்கிறான், குடித்து இரவைக் கழிக்கிறான். அவனுடைய நண்பனுக்கோ ஒரு கனவு: கொஞ்சம் நிலம் வாங்கி, குடியை விட்டு, ஏதாவது சின்ன ஊரில் அடங்கிவிட வேண்டும். அவன் அடங்கமாட்டான் என்று பாட்டே சொல்லிவிடுகிறது. கடைசியில் விடிகிறது, வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். இன்னொன்றைக் கவனியுங்கள். பல்லவி வர வேண்டிய இடத்தில் சொற்களே இல்லை. பாடகர் ஒதுங்கிக்கொள்ள, சாக்ஸபோன் வருகிறது. தன் பாட்டின் உச்சத்தை இன்னொருவரிடம் விட்டுவிட்டு நகர்ந்த மனிதர் அவர்.

அமெரிக்க விஷயமும் இதே குணம்தான் என்று நினைக்கிறேன். 1978-இல் 'பேக்கர் ஸ்ட்ரீட்' அங்கே பாடல் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. 'சாட்டர்டே நைட் ஃபீவர்' திரைப்படப் பாடல் தொகுப்பை முதலிடத்திலிருந்து இறக்கியது 'சிட்டி டு சிட்டி'. அந்த நேரத்தில் சுற்றுப்பயணம் போயிருந்தால் கோடிகள் கொட்டியிருக்கும். போகவில்லை. ஆனால் இது புகழ் தலைக்கேறி வந்ததல்ல, ஆரம்பத்திலிருந்தே அவர் அப்படித்தான். பில்லி கானலியோடு 'ஹம்பிள்பம்ஸ்' குழுவில் இருந்தபோது, பாட்டுகளுக்கு நடுவே கானலி சொல்லும் நகைச்சுவை நீண்டுகொண்டே போக, இவர் விலகினார். கானலி பெரிய நகைச்சுவைக் கலைஞரானார், இருவருக்குமே நல்லதாகப் போயிற்று. 1971-இல் தனியாக வெளியிட்ட முதல் தொகுப்புக்கே 'என் காசைத் திருப்பித் தருவீர்களா?' என்று பொருள்படப் பெயர் வைத்தார். பிறகு ஜோ ஈகனோடு 'ஸ்டீலர்ஸ் வீல்'. அதன் முதல் தொகுப்பு வெளிவருவதற்குள் அதிலிருந்தும் வெளியேறி, 'ஸ்டக் இன் த மிடில் வித் யூ' பாட்டு வெற்றியடைந்த பிறகே திரும்பினார். அந்தப் பாட்டும், இசைத்துறைக்காரர்களின் விருந்தில் கோமாளிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவனின் புலம்பல்தான்! டாரன்டினோவின் 'ரிசர்வாயர் டாக்ஸ்' படத்தில் காதை அறுக்கும் காட்சியில் ஒலிப்பது அது. இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே சொல்லிவிட்ட மனிதர் மேடைக்கு வரவில்லை என்றால் அதில் திமிருக்கோ பயத்துக்கோ என்ன வேலை?

சும்மா உட்கார்ந்துவிடவும் இல்லை. அடுத்த வருடமே 'நைட் ஔல்' தொகுப்பு வந்தது. 1987-இல் ஸ்காட்லாந்தின் 'புரொக்ளெய்மர்ஸ்' சகோதரர்களின் முதல் வெற்றிப்பாடலை இசைத் தயாரிப்பாளர் ஹ்யூ மர்ஃபியோடு சேர்ந்து தயாரித்துக் கொடுத்தவர் ராஃபர்ட்டிதான்.

குடியை நான் மழுப்பப் போவதில்லை. கிளாஸ்கோவை ஒட்டிய பேஸ்லி என்ற நெசவு ஊரில் 1947-இல் பிறந்தவர். அயர்லாந்திலிருந்து வந்த அப்பா மொடாக்குடியர். சனிக்கிழமை இரவுகளில் அம்மா மேரி இந்தச் சிறுவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். மழையானாலும் பனியானாலும், அப்பா தூங்கும்வரை தெருவில் காத்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள், அடிக்குத் தப்ப. ஐரிஷ், ஸ்காட்டிஷ் நாட்டுப்பாடல்களைச் சொல்லிக் கொடுத்ததும் அந்த அம்மாதான். மகனுக்குப் பதினாறு வயதில் அப்பா போய்ச் சேர்ந்தார். எந்தக் குடியிடமிருந்து தெருவில் ஒளிந்தாரோ, அதுவே கடைசியில் இவரையும் பிடித்தது. 1990-இல் மணவாழ்க்கை முறிந்தது, 2011 ஜனவரியில் கல்லீரல் செயலிழந்து 63 வயதில் இறந்தார். பேஸ்லியில்தான் இறுதிச் சடங்கு நடந்தது. மேடைக்குப் போகாததையும் குடியையும் ஒரே கணக்கில் எழுதுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. ஒன்று அவர் எடுத்த முடிவு, மற்றது அவரால் விட முடியாமல் போனது. உங்கள் கடிதத்திலும் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன.

அம்மாவின் பெயரிலேயே அவர் எழுதிய 'மேரி ஸ்கெஃபிங்டன்' பாடல் அந்த 1971 தொகுப்பில் இருக்கிறது, கேளுங்கள். 'சிட்டி டு சிட்டி'யில் 'பேக்கர் ஸ்ட்ரீட்' முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்து வரும் 'ரைட் டவுன் த லைன்' பாடலில் சாக்ஸபோன் கிடையாது. கூடவே நின்ற மனைவிக்கு நன்றி சொல்லும் அமைதியான பாட்டு. அவருடைய குரல் எப்படிப்பட்டது என்பது அதில் தெரியும்.