துக்கத்தில் எதை வாசிப்பது?

சகோதரரே, தந்தையை இழந்த இந்த மூன்று மாதங்களில், நண்பர்கள் தந்த தன்னம்பிக்கை நூல்கள் எதையும் பத்துப் பக்கத்துக்குமேல் வாசிக்க முடியவில்லை என்றும், பர்மியப் பள்ளியில் படித்ததால் தமிழை எழுத்துக்கூட்டியே வாசிப்பதாகவும், இது விசுவாசக் குறைவோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இது விசுவாசக் குறைவன்று. வெற்றியை வாக்களிக்கும் புத்தகங்கள் துக்க வீட்டுக்கு உரியவை அல்ல. இப்போதைக்கு அவற்றை மூடி வையுங்கள்.

முதலில் வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனங்கள்தான், 'எதுவரைக்கும்' என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்பதை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு 88ஆம் சங்கீதம். அது ஆறுதல் வார்த்தை ஒன்றுமின்றி இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஜெபத்துக்கும் வேதத்தில் இடமுண்டு என்பதே என் துக்க நாட்களில் என்னைத் தாங்கியது. யாங்கூனில் என் பாட்டி, தீக்குச்சி ஒன்றை வரியின்கீழ் நகர்த்தியபடி, நாளுக்கு ஒரு சங்கீதம் என்று உரக்க வாசிப்பார். அருகில் அமர்ந்துதான் நானும் தமிழ் எழுத்தைப் பழகினேன். தமிழ் நடை கடினமாக இருந்தால், அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834இல் மொழிபெயர்த்து முடித்து 1840இல் திருத்திய பர்மிய வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் அதில் விளங்கும், ஓசை தமிழில் நிற்கும். மற்ற நூல்களை, அப்பாவின் முதலாண்டு நினைவு ஜெபம் முடிந்தபின் எடுத்தாலும் தாமதமில்லை.