பதில்: தாத்தாவின் விமானப்படைத் தொப்பி பேட்ஜ் எந்தக் காலத்தது?
வணக்கம் சார். கும்பகோணம் வீட்டில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த பித்தளை பேட்ஜ், மேலே கிரீடம், இலை வளையத்துக்குள் ஆங்கில எழுத்துகள், எந்த வருடத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு வேண்டுகோள்: புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்தின் ஓரங்கள் மழுங்கும், பழமைக்குச் சாட்சியான கறுப்பும் போய்விடும்.

இனி எழுத்துகள். கிரீடத்தோடு ஐ.ஏ.எஃப். (இந்திய விமானப்படை) என்றிருந்தால் 1932க்கும் 1945க்கும் இடைப்பட்டது. முன்னால் ஓர் ஆர் சேர்ந்து நான்கெழுத்தானால் 1945 மார்ச் முதல் 1950 ஜனவரி வரை. 'ராயல்' பட்டம் இருந்தது அவ்வளவு காலம்தான். குடியரசானபின் கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்துவிட்டன. ஆர்.ஏ.எஃப். என்றால் பிரிட்டிஷ் படையுடையது. போர்க்காலத்தில் தஞ்சாவூர் விமானதளத்தில் அவர்களுடைய 36ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) இருந்தது, அதனால் நம் பக்கத்து வீடுகளில் அது கிடைப்பதில் வியப்பில்லை.

கிரீடத்தை உற்றுப் பாருங்கள். வளைவுகள் உருண்டு மேலேறினால் அரசர் காலம். நடுவில் பள்ளமாக இறங்கினால் எலிசபெத் காலம், 1952க்குப் பிந்தையது. ஆகவே நான்கெழுத்தும் பள்ளக் கிரீடமும் ஒன்றாக இருந்தால் அது பிற்காலப் போலி, சந்தேகமே வேண்டாம். பின்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். தொப்பியில் செருகும் பட்டையா, வளையங்களா என்று பார்க்க வேண்டும்.