பேர் தெரியாத கம்பெனி கிளாரினெட்டை நம்பி வாங்கலாமா?

கேள்வி: சென்னைல சர்ச் ஆர்கெஸ்ட்ராலயும் எப்பவாவது ரெக்கார்டிங்லயும் கிளாரினெட் வாசிக்கிறேன். பத்து வருஷமா பிளாஸ்டிக் ஸ்டூடன்ட் மாடல்தான். இப்ப நல்லதா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஜெர்மனில லைப்ஸிக் பக்கத்துல இருக்கற அக்கா ஊருக்கு வர்றாங்க. அங்க எஃப். ஆர்தர் யூபெல்னு ஒரு கம்பெனி, புது புரொஃபஷனல் மாடல் கொஞ்சம் கம்மி விலைல கிடைக்குதாம். அதே பேர்ல பழசு ஒண்ணும் ரொம்ப சீப்பா விக்கிது. இங்க எல்லாரும் பிரான்ஸ் கம்பெனி புஃபேயோட ஆர்13 மாடல் தவிர வேற எதையும் தொடாதேங்கறாங்க. என்ன பண்றது?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: தம்பி, ஜெர்மன்ல ‘யூபெல்’னா ‘மோசம்’னு அர்த்தம், அக்கா அந்தப் பேரப் பாத்து சிரிச்சிருப்பாங்க. ஆனா அது வெறும் குடும்பப் பேரு. 1936ல ஆரம்பிச்ச கம்பெனி, மார்க்நாய்கிர்ஹன்ங்கற ஊருப் பக்கம். அந்த ஊர்ல 1677லயே வயலின் செய்றவங்க சங்கம் வச்சிருந்தாங்க. பேர் தெரியாத கம்பெனிங்கறது நம்ம ஊர்க் கணக்கு, அவ்வளவுதான். இத்தாலி கிளாரினெட் கம்பெனி பாட்ரிகோலாவும் இங்க யாருக்கும் தெரியாது, அதுக்காக அது மட்டமான சரக்கா என்ன?

முதல்ல அந்தப் பழசப் பத்தி. அது சீப்பா இருக்கறதுக்கு பெரும்பாலும் ஒரு காரணம்தான் இருக்கும், ஜெர்மன் சிஸ்டம். கிளாரினெட்ல கீ அமைப்பு ரெண்டு விதம். நீங்க வாசிக்கிறது போம் சிஸ்டம், பதினேழு கீ ஆறு ரிங். ஜெர்மன்காரங்க வாசிக்கிறது ஓலர் சிஸ்டம், விரல் வைக்கற விதமே வேற, மவுத்பீஸும் ரீடும் கூட வேற. சுண்டு விரல் கீகள்ல குட்டி குட்டி ரோலர் இருந்தா அது உங்களுக்கு இல்ல, விட்டுடுங்க.

புதுசுக்கு வருவோம். ஆர்13 நல்ல வாத்தியம்தான், 1955லேர்ந்து உலகமே வாசிக்குது, நாளைக்கு விக்கணும்னா உடனே போயிடும், அது பெரிய பிளஸ். ஆனா ஒரே மாடல்ல பத்து எடுத்து ஊதினா பத்தும் பத்து விதமா இருக்கும், மரம் அப்படி. அதனால ‘எந்தக் கம்பெனி’ன்னு கேக்கறத விட ‘இந்த ஒண்ணு எப்படி’ன்னுதான் கேக்கணும், அங்கதான் உங்களுக்குச் சிக்கல், ஏன்னா கையில எடுத்துப் பாக்கப் போறது வாசிக்கத் தெரியாத அக்கா.

லைப்ஸிக்ல 1843லேர்ந்து ஒரு மியூசிக் காலேஜ் இருக்கு. அங்க போம் வாசிக்கற ஸ்டூடன்ட் யாராவது இருந்தா ஒரு மணி நேரத்துக்குக் காசு குடுத்து ஊதிப் பாக்கச் சொல்லலாம் (காப்பியும் வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க). ஆன்லைன்ல கடைலேர்ந்து வாங்கினா பதினாலு நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கற உரிமை அங்க சட்டத்துலயே இருக்கு, தனி ஆள்கிட்ட வாங்கினா அது கிடையாது. உங்க மவுத்பீஸ் மாதிரியே ஒண்ணுல ஊதச் சொல்லுங்க, இல்லன்னா நீங்க கேக்கறது அவங்க மவுத்பீஸோட சத்தம்.

ஊதறப்போ பாக்க வேண்டியது இதான். நாகஸ்வரம், புல்லாங்குழல் எல்லாம் அழுத்தி ஊதினா மேல் ஸட்ஜத்துக்குப் போகும், கிளாரினெட் மட்டும் அதையும் தாண்டி மேல் பஞ்சமத்துக்குத் தாவும். கீழ் எஃப் புடிச்சு ரெஜிஸ்டர் கீய (இடது கட்டைவிரல்ல, இப்படி மேல தாவ வைக்கற கீ) அமுக்கினா சி வரணும், ட்யூனர் வச்சு இப்படி ஜோடி ஜோடியா எல்லாத்தையும் பாக்கணும். எந்தக் கம்பெனியும் இதுல நூறு மார்க் வாங்காது, கீழ் இ, எஃப் ரெண்டும் கொஞ்சம் இறங்கித்தான் நிக்கும், எவ்வளவு இறங்குதுங்கறதுதான் விஷயம். நடுவுல ஏ, பி ஃபிளாட் ரெண்டும் மூக்கடைச்ச மாதிரி இருக்கான்னும் கேளுங்க. அப்புறம் பிட்ச். ட்யூன் பண்ற ‘ஏ’ ஸ்வரம் ஐரோப்பால 442 ஹெர்ட்ஸ், அதுக்கு மேலயும் வாசிப்பாங்க, நம்ம ரெக்கார்டிங் டிராக் 440. பேரல (மவுத்பீஸுக்குக் கீழ இருக்கற குட்டிக் குழாய்) வெளிய இழுத்தா சரியாயிடும்னு சொல்வாங்க, அப்படி இழுத்தா நடு ஸ்வரங்கள்தான் அதிகமா இறங்கும், அதனால கொஞ்சம் நீளமான பேரல் ஒண்ணு கூடவே கேட்டு வாங்குங்க.

பர்மிட் பயம் வேண்டாம். கிளாரினெட் செய்ற அந்தக் கருப்பு மரத்துக்கு 2017ல சர்வதேசக் கட்டுப்பாடு வந்துச்சு, செஞ்சு முடிச்ச வாத்தியங்களுக்கு 2019 நவம்பர்ல விலக்கும் குடுத்துட்டாங்க. கஸ்டம்ஸ் வரி தனிக் கதை, பில்ல பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க.

எனக்கு இதவிடப் பெரிய கவலை நம்ம வெயில். ஏசி ரெக்கார்டிங் தியேட்டர்ல நாலு மணி நேரம், அப்புறம் நேரா மே மாச ரோடு, என்னோட முதல் மர கிளாரினெட் மேல் ஜாயின்ட்ல டிரில் கீ பக்கத்துல இப்படித்தான் வெடிச்சுது, பசை வச்சு ஒட்டி வாசிச்சேன், வேற வழி இல்ல. முதல் சில வாரம் ஒரு நாளைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல ஊதாதீங்க, ஊதினதும் துடைங்க. சர்ச் வெளில திறந்த மைதானத்துல வாசிக்கறதுக்கு அந்தப் பழைய பிளாஸ்டிக்க வச்சுக்குங்க, வித்துடாதீங்க.

பேட் மாத்தறது, கார்க் ஒட்டறதுக்கெல்லாம் நீங்க இப்ப போற ரிப்பேர்காரரே போதும், யூபெலும் போம்னா அவருக்குப் புதுசு இல்ல, ஆனா ஒரு கீ உடைஞ்சா பார்ட் ஜெர்மனிலேர்ந்துதான் வரணும், அதுக்கும் அக்காதான். ஊதிப் பாக்க ஆள் கிடைச்சு, ட்யூனிங் ஓகேன்னா யூபெல வாங்குங்க, மிச்சக் காசுல நல்ல மவுத்பீஸ் எடுங்க. ஆள் கிடைக்கலன்னா இந்தத் தடவ அக்காவ சும்மா ஊருக்கு வரச் சொல்லுங்க.